கோணல் மூலைமட்டமும் லைப்ரரி அத்தையும்

(எபிசோடின் ஒலிப்பதிவைக் கேட்டு எழுதியது. வாசிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம்.)

இன்னைக்கு எபிசோடுக்கு ஒரு கெஸ்ட் வர்றதா இருந்தது. எங்க அத்தை, அப்பாவோட தங்கச்சி. "மைக்கப் பாத்தா எனக்குத் தொண்டை கட்டிரும்ல, நீயே சொல்லு"ன்னு கழண்டுக்கிட்டாங்க. அதனால அவங்க கதையை நான் சொல்றேன். அனுமதி வாங்கியாச்சு. ஒரே கண்டிஷன், ஸ்கூல் பேர் வரக்கூடாது.

அத்தை தென்காசிப் பக்கம் ஒரு அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளியில் லைப்ரரியைப் பாத்துக்கிறாங்க. படிச்சது பி.ஏ. தமிழ். அதுக்கு மேல நூலக அறிவியலில் ஒரு சான்றிதழ் படிப்பு. வேலை மேனேஜ்மென்ட் போஸ்டிங், தொகுப்பூதியம். மாசம் ஒரு தொகை, அவ்வளவுதான். இதை ஏன் இப்பவே சொல்றேன்னா, கதையில் பின்னாடி ஒரு இடத்தில் "பணம் யார் கட்டுறது?"ங்கிற கேள்வி வரும். அப்போ இது உங்க ஞாபகத்தில் இருக்கணும்.

பத்தாம் வகுப்போட கணக்குக்கு ஒரு கும்பிடு போட்டவங்க அத்தை. ஆனா கணக்கு அவங்களை விடலை. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஐப்பசி மழையில் அந்த ஸ்கூலோட கணித ஆய்வக ரூம் ஒழுக ஆரம்பிச்சது. உள்ளே இருந்த சாமானை எங்கே வைக்கிறதுன்னு கேள்வி. ஹெச்.எம். சொன்னாராம், "லைப்ரரில ரெண்டு பீரோ சும்மாதானம்மா இருக்கு." ஒரு மத்தியானத்தில் ரெண்டு டிரங்குப் பெட்டி, நாலு அட்டைப் பெட்டி, ஒரு சாக்கு எல்லாம் லைப்ரரி வாசலில் வந்து இறங்கிடுச்சு.

பாதி நிலா - 1

லைப்ரரியில் வேலை பாக்கிறவங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வாசல் தாண்டி எது வந்தாலும் ரிஜிஸ்டரில் ஏறணும். ஏறணும்னா அதுக்கு ஒரு பேர் வேணும். பழைய ஸ்டாக் ரிஜிஸ்டர் மழையில் நனைஞ்சு காய வச்சிருந்தாங்க. அது காயற வரைக்கும் சும்மா இருக்க முடியாம, கண்ணால பாத்ததை வச்சு அத்தையே ஒரு லிஸ்ட் போட்டாங்க. அந்த லிஸ்டை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினாங்க. அப்படியே வாசிக்கிறேன்.

"பாதி நிலா, மரம், கைப்பிடி உண்டு - 1. ஒற்றைக்கால் கொக்கு, வாயில் சாக்பீஸ் சொருகும் வசதி - 1. சமோசா, மரம், பெரியது - 2. ஆணி அடித்த பலகை - 3. ரப்பர் பேண்ட் - 43. அச்சு வெல்லம் மாதிரி கட்டைகள் - நிறைய."

நான் ஆபீஸில் மீட்டிங்கில் இருந்தேன். சிரிப்பை அடக்கி இருமலா மாத்தினதில், பக்கத்தில் இருந்தவர் தண்ணி பாட்டிலை நீட்டினார்.

ராத்திரி வீடியோ காலில் உக்காந்து ஒவ்வொண்ணா பேர் கண்டுபிடிச்சோம். பாதி நிலா, போர்டில் வச்சு வரையற புரொட்ராக்டர். பாடப் புத்தகத்தில் கோணமானி, பாகைமானின்னு வரும். ஒற்றைக்கால் கொக்கு, போர்டு காம்பஸ், அதாவது கவராயம். சமோசா ரெண்டும் செட் ஸ்கொயர்: ஒண்ணு 45, 45, 90 டிகிரி. இன்னொண்ணு 30, 60, 90. அதுக்குத் தமிழில் என்னன்னு அத்தை கேட்டாங்க. "மூலைமட்டம்"னு சொன்னேன். "அடடா, இது நல்ல பேரால்லா இருக்கு"ன்னு சொல்லி அதையே கொட்டை எழுத்தில் லேபிளா ஒட்டிட்டாங்க. இந்த லேபிள் பின்னாடி ஒரு பெரிய வேலை பாக்கப் போகுது.

ஆணி அடித்த பலகை ஜியோபோர்டு. ரப்பர் பேண்டை ஆணிகளில் மாட்டி முக்கோணம், சதுரம் எல்லாம் செய்யலாம். கணிதக் கல்வியில் பெரிய பேரான கலேப் கட்டேக்னோ 1950-களில் பிரபலமாக்கின சாமான் அது. அத்தை இதைப் பாத்ததும் கேட்ட முதல் கேள்வி: "ஏல, இது கோலப் பலகைல்லா?" யோசிச்சுப் பாத்தா தப்பே இல்லை. புள்ளி வச்ச இடத்தில் ஆணி இருக்கு, அவ்வளவுதான்.

பக்கத்துக்கா நம்பர் போடுதோம்?

அடுத்த பிரச்சினை எண். லைப்ரரியில் ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு அக்செஷன் நம்பர் உண்டு. எங்க சாஃப்ட்வேர் பாஷையில் பிரைமரி கீ. ஒரு எண், ஒரு பொருள், குழப்பமே கிடையாது. ஆபீஸில் இருந்து உத்தரவு வந்தது, கணக்குச் சாமான் எல்லாத்துக்கும் அதே மாதிரி தனித்தனி எண் போடணும்னு.

அத்தை அச்சு வெல்லம்னு எழுதின கட்டைகளுக்கு வருவோம். அதுக்கு டீன்ஸ் கட்டைகள்னு பேர். ஹங்கேரியில் பிறந்த சோல்தான் டீன்ஸ்ங்கிற கணிதக் கல்வியாளர் பரப்பின முறை. ஒரு சென்டிமீட்டர் கனசதுரம் ஒண்ணு. அப்படிப் பத்து சேந்தா ஒரு குச்சி. பத்து குச்சி ஒரு தட்டு, அது நூறு. பத்து தட்டு ஒரு பெரிய கட்டை, அது ஆயிரம். ஒன்று, பத்து, நூறு, ஆயிரம்ங்கிற இடமதிப்பைக் கையில் தூக்கிப் பாக்கலாம். டீன்ஸ் பத்தோட நிக்கலை, வேற அடிமானங்களுக்கும் கட்டை செஞ்சார். ரெண்டாம் அடிமானக் கட்டையைச் சின்ன வயசில் நான் பாத்திருந்தா, காலேஜ் முதல் செமஸ்டர் எனக்கு இவ்வளவு கஷ்டமா இருந்திருக்காது.

சரி, பெட்டிக்குள்ள எண்ணிப் பாத்தா: ஆயிரம் 1, நூறு 10, பத்து 10, ஒன்று 100. மொத்தம் 121 துண்டு. ஒரு சென்டிமீட்டர் கட்டை மேல அஞ்சு இலக்க எண்ணும் ஸ்கூல் முத்திரையும் எங்கே போடுறது? அத்தை ரெண்டு கட்டையில் முயற்சி பண்ணினாங்க. மூணாவதில் பேனா வழுக்கி விரல் நீலம். அப்போ எனக்குப் போன் போட்டு, "இந்தக் கட்டையை அடுக்கினா எங்க லைப்ரரி ரூமுல எத்தனை பிடிக்கும்? அத்தனைக்கும் எழுதச் சொன்னா என்ன பண்ணுவேன்?"னு கேட்டாங்க.

கேள்வி எனக்குப் பிடிச்சிருந்தது. ரூம் அளவு கேட்டேன். 12 அடிக்கு 10 அடி, உயரம் 10 அடி. 1,200 கன அடி, கிட்டத்தட்ட 34 கன மீட்டர். ஒரு கன மீட்டரில் 10 லட்சம் கட்டை பிடிக்கும். அப்போ ரூம் நிறைய சுமார் 3 கோடியே 40 லட்சம். அத்தை கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் மெதுவா, "கோடின்னா இவ்வளவுதானா? டிவில சொல்லுறப்ப ஊரே கொள்ளாதுன்னுல்லா நெனச்சேன்"னாங்க. பத்தாம் வகுப்போட விட்டுப்போன உறவு அன்னைக்கு மறுபடி ஒட்ட ஆரம்பிச்சதுன்னு நினைக்கிறேன்.

எண் பிரச்சினையை அவங்களே தீர்த்தாங்க. ஆபீஸ் ரூமுக்குப் போய்க் கேட்டிருக்காங்க: "சார், புஸ்தகத்துக்குத்தான நம்பர் போடுதோம்? பக்கத்துக்கா போடுதோம்?" பதில் வரலை. அன்னையிலிருந்து ஒரு டப்பாவுக்கு ஒரு எண். உள்ளே என்னென்ன எத்தனைன்னு மூடிக்குப் பின்னாடி ஒரு சீட்டு, ஒரு போட்டோ. டேட்டாபேஸ் டிசைன் பாடத்தில் ஒரு மாசம் சொல்லிக் கொடுக்கிற விஷயத்தை ஒத்தைக் கேள்வியில் முடிச்சுட்டாங்க.

ரெண்டு இருபது கிராம்

சாக்கில் ஒரு தராசும் ஒரு எடைப் பெட்டியும் இருந்தது. பித்தளை எடைக்கற்கள்: 100, 50, 20, 20, 10, 5, 2, 2, 1 கிராம். அத்தை பாத்தாங்க, 20 ரெண்டு இருக்கு, 2 ரெண்டு இருக்கு. லைப்ரரி வழக்கப்படி ஒரே புத்தகம் ரெண்டு காப்பி இருந்தா ஒண்ணை வேற பிரிவுக்குத் தரலாம். ஆக, ஒரு 20-ம் ஒரு 2-ம் "டூப்ளிகேட்"னு எழுதி, தொடக்கப் பள்ளிப் பிரிவுக்கு அனுப்பக் கவரில் போட்டு வச்சுட்டாங்க.

மறுநாள் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் வந்து, 40 கிராம் வேர்க்கடலை நிறுக்கணும்னு நிக்குதுங்க. 20 ஒண்ணுதான் இருக்கு. 20, 10, 5, 2, 1 எல்லாம் சேத்தாலும் 38. அடுத்தது 50. கடலை வேற குறைஞ்சுக்கிட்டே வருது, ஏன்னா நிறுக்கிறவன் தின்னுக்கிட்டே நிறுக்கிறான்.

அப்போ ஒரு பொண்ணு 50-ஐ ஒரு தட்டில் வச்சா. 10-ஐ எடுத்து எதிர்த் தட்டில், கடலையோட வச்சா. 50-க்கு எதிரா 10-ம் கடலையும். தராசு நேரா நின்னா கடலை 40. அத்தைக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆச்சு. புரிஞ்சதும் அந்தப் பொண்ணு கையில் இருந்த கடலையில் பாதியை வாங்கித் தின்னுட்டு, "கழித்தல்னா தட்டை மாத்தி வைக்கதுதானா!"ன்னாங்களாம்.

அன்னைக்கு ராத்திரி நான் விளக்கினேன். 1, 2, 2, 5 இருந்தா 1 முதல் 9 வரைக்கும் எந்த எடையையும் ஒரே தட்டில் கல் வச்சு நிறுத்திடலாம். நாலுன்னா ரெண்டும் ரெண்டும். ஒன்பதுன்னா அஞ்சும் ரெண்டும் ரெண்டும். அந்த ரெண்டாவது ரெண்டு இல்லாம நாலும் ஒன்பதும் அப்படி வராது. நம்ம ரூபாயும் 1, 2, 5, 10, 20, 50ன்னுதான் போகுது. கடையில் 40 ரூபாய்க்கு ரெண்டு இருபதை நீட்டும்போது யாரும் ஒண்ணை டூப்ளிகேட்னு சொல்றதில்லை. மறுநாள் அத்தை கவரைப் பிரிச்சு ரெண்டு கல்லையும் பெட்டியில் போட்டாங்க. ரிஜிஸ்டரில் "டூப்ளிகேட்"ங்கிறதை அடிச்சுட்டு "துணை"ன்னு எழுதினாங்க.

மெக்கானோ பாத்த கணக்கு வாத்தியார்

இதுவரைக்கும் சாமான் எல்லாம் பீரோவுக்குள்ளதான். பிள்ளைகள் வந்தா அத்தை கண்ணெதிரே பாத்துட்டு வச்சிடணும். வீட்டுக்குக் கொடுக்கக் கூடாதுன்னு ஆபீஸ் சொல்லியிருந்தது. ஆபீஸ் பக்கமும் நியாயம் இருக்கு. தொலைஞ்சா ஆடிட்டில் கேப்பாங்க.

இங்கே ஒரு சின்ன கிளைக்கதை. நூலகத்துக்கும் கணக்குச் சாமானுக்கும் என்ன சம்பந்தம்னு ஸ்கூலில் சிலர் கேட்டதா அத்தை சொன்னப்போ, நான் அவங்களுக்குச் சொன்ன கதை. அவங்க நூலகப் படிப்பில் பேர் படிச்சவர்தான், எஸ்.ஆர். ரங்கநாதன். சீர்காழிக்காரர், பிறந்தது 1892. அவர் அடிப்படையில் கணக்கு வாத்தியார், சென்னை மாநிலக் கல்லூரியில். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரா சேர்ந்தார். சேர்ந்த கொஞ்ச நாளிலேயே அந்த அமைதியில் உக்கார முடியாம, திரும்பக் கணக்கு எடுக்கவே போயிடலாம்னு பாத்தார். லண்டனுக்குப் போய் நூலகங்களைப் பாத்துட்டு வாங்கன்னு அனுப்பினாங்க.

அங்கே செல்ஃபிரிட்ஜஸ்ங்கிற பெரிய கடையில் மெக்கானோ விளையாட்டுச் சாமானைப் பாத்திருக்கார். ஓட்டை போட்ட தகடு, ஆணி, நட்டு, போல்ட்டு. அதே துண்டுகளை வச்சு வண்டியும் செய்யலாம், பாலமும் செய்யலாம். அறிவையும் இப்படித் துண்டு துண்டாப் பிரிச்சு, வேண்டிய மாதிரி சேத்துக்கலாமேன்னு அவருக்குத் தோணிச்சு. முக்காற்புள்ளியை நட்டு போல்ட்டா வச்சு அவர் உருவாக்கின கோலன் பகுப்புமுறை 1933-ல் புத்தகமா வந்தது. ஒரு கணக்கு வாத்தியார் ஒரு பொம்மைச் சாமானைப் பாத்ததில் பிறந்தது நம்ம ஊர் நூலகப் பகுப்பு. அப்போ லைப்ரரியில் கணக்குக் கட்டை இருக்கிறதில் என்ன ஆச்சரியம்?

1931-ல் அவர் எழுதின ஐந்து விதிகளில் முதலாவது, புத்தகம் பாதுகாக்கிறதுக்கு மட்டும் இல்லை, பயன்படுத்தத்தான்ங்கிறது. இன்னைக்கு இது சாதாரணமாத் தெரியும். ஆனா ஐரோப்பாவில் ஒரு காலத்தில் புத்தகத்தை அலமாரியோட சங்கிலி போட்டுக் கட்டி வச்சிருந்தாங்க. இங்கிலாந்தில் ஹெரிஃபோர்டு தேவாலயத்தில் இன்னைக்கும் அந்தச் சங்கிலி நூலகத்தைப் பாக்கலாம்.

அத்தை ஹெச்.எம்.கிட்ட போய் நின்னாங்க. "சார், புஸ்தகம் மாதிரி இதையும் சனி, ஞாயிறுக்கு வீட்டுக்குக் கொடுக்கலாமா?" அவர் ரொம்ப நேரம் ஃபேனைப் பாத்துட்டு, "கொடுங்க. உங்க பொறுப்பு"ன்னார். அந்தக் கடைசி ரெண்டு வார்த்தையை நினைவில் வைங்க.

கொடுத்தது 50, வந்தது 51

முதல் மாசம் ஒரே கூத்து. 50 ஒத்தைக் கட்டை வாங்கிட்டுப் போன பையன் 51 கட்டையோட வந்தான். ஐம்பத்தொண்ணாவது எங்கிருந்து வந்ததுன்னு அவனுக்கே தெரியலை. விசாரிச்சா, அவன் அண்ணன் அதே ஸ்கூலில் படிச்ச காலத்தில் எடுத்துட்டுப் போய் வீட்டுப் பரணில் கிடந்ததாம். இன்னொரு டப்பாவில் ரெண்டு கட்டையில் புள்ளி வரைஞ்சிருந்தது. அத்தை ரிஜிஸ்டரில் எழுதினது: "2 எண்ணம் தாயக்கட்டை ஆயிற்று." ரப்பர் பேண்டு 43-ல் மிச்சம் 6. மீதியைப் பொண்ணுங்க தலையில் பாக்கலாம்.

ஆனா நடந்தது அது மட்டும் இல்லை. ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒண்ணு புரொட்ராக்டர் வாங்க வந்தப்போ அத்தை அவளோட நோட்டைப் பாத்தாங்க. கொஞ்சமாத் திறந்த கதவு மாதிரி ஒரு கோணம். பக்கத்தில் 140ன்னு எழுதி, சிவப்பு மையில் தப்பு. புரொட்ராக்டரில் எண்கள் ரெண்டு வரிசையா இருக்கும். ஒண்ணு இடமிருந்து, ஒண்ணு வலமிருந்து. ஒரே கோடு ஒரு வரிசையில் 40, இன்னொண்ணில் 140. ரெண்டையும் கூட்டினா எப்பவும் 180. எதைப் படிக்கணும்னு அந்தப் பிள்ளைக்கு யாரும் சொல்லலை. சொன்னப்போ இவ கவனிக்காமலும் இருந்திருக்கலாம்.

அத்தை தமிழ் படிச்சவங்க இல்லையா? அவங்களுக்குத் தெரிஞ்ச செங்கோணம் 'ட'. "கருவியை வைக்கதுக்கு முன்னாடி கண்ணால பாரு. 'ட'வை விட ஒடுங்கி இருக்கா, விரிஞ்சு இருக்கா?" ஒடுங்கி இருக்குன்னா பிள்ளை. "அப்ப 140 எப்படி வரும்?" பிள்ளை நோட்டைப் பாத்துச்சு, கருவியைப் பாத்துச்சு, சிரிச்சிருச்சு. அந்த 'ட' விதி இப்போ கணக்கு டீச்சர் வரைக்கும் போயிருக்கு.

எங்க அப்பா சாமான்

இப்போ நான் சொல்ல வந்த கதை. எட்டாம் வகுப்பில் ஒரு பையன். அப்பா கொத்தனார். கணக்கில் 50-க்கு 11. லைப்ரரிக்கு வர்றதே ஃபேன் காத்துக்குத்தான். ஒரு நாள் பீரோ திறந்திருந்தப்போ லேபிளைப் பாத்திருக்கான். "டீச்சர், மூலைமட்டமா? அது எங்க அப்பா சாமானுல்லா?"

அதுவரைக்கும் அவனுக்கு அது ஜியாமெட்ரி பாக்ஸில் சும்மா கிடக்கிற ரெண்டு பிளாஸ்டிக் முக்கோணம். இங்கிலீஷ் பேரில் அவன் அப்பா வேலை தெரியலை. தமிழ் பேரில் தெரிஞ்சது. அத்தை அந்த 45 டிகிரி மரமட்டத்தை வெள்ளிக்கிழமை சாயங்காலம் எழுதிக் கொடுத்து அனுப்பினாங்க.

திங்கக்கிழமை கொண்டு வந்தான். முகம் சரியில்லை. "டீச்சர், இது கோணல். எங்க அப்பா சொல்லுச்சு."

எப்படித் தெரியும்னு கேட்டா, தரையில் செஞ்சு காட்டினான். முதலில் நேரா ஒரு கோடு. அதில் ஒரு புள்ளி. மட்டத்தோட மூலையை அந்தப் புள்ளியில் வச்சு, ஒரு விளிம்பைக் கோட்டோட ஒட்டி, நிமிந்த விளிம்பை ஒட்டி மேலே ஒரு கோடு. அப்புறம் மட்டத்தை அப்படியே புரட்டிப் போட்டு, அதே புள்ளியில் வச்சு இன்னொரு கோடு. மட்டம் சரியா இருந்தா ரெண்டாவது கோடு முதல் கோடு மேலேயே விழும். கோணலா இருந்தா ரெண்டும் கத்தரிக்கோல் மாதிரி விரியும்.

விரிஞ்சது.

இதில் ஒரு அழகு பாருங்க. மட்டம் 90-க்குப் பதிலா 89 இருந்தா, இந்தப் பக்கம் 89, புரட்டினா அந்தப் பக்கம் 89. நேர்கோட்டுக்கு 180 வேணும். நடுவில் 2 டிகிரி மிச்சம். ஒரு டிகிரி தப்பு ரெண்டு டிகிரியாத் தெரியும். சோதிக்க இன்னொரு சரியான மட்டமே வேண்டாம், அந்த மட்டமே தன்னோட தப்பை ரெண்டு மடங்காக் காட்டிக் கொடுத்துடும். கொத்தனார் சொல்லி அனுப்பினது: "ஒரு டிகிரி விட்டா பத்தடிச் சுவத்துல ரெண்டு இஞ்ச் இழுத்துரும்." நான் கணக்குப் போட்டுப் பாத்தேன். 2.1 அங்குலம் வருது.

"நல்ல நிலையில் உள்ளது"

ரெண்டு வாரத்தில் வருஷாந்திர ஸ்டாக் சரிபார்ப்பு. ஆபீஸில் இருந்து ஒருத்தர் வந்து ரிஜிஸ்டரை வாசிப்பார், அத்தை சாமானை எடுத்துக் காட்டணும். "மூலைமட்டம், மரம், பெரியது, 2 எண்ணம்." இருக்கு. நிலை பத்தியில் எட்டு வருஷமா ஒரே வாக்கியம்: நல்ல நிலையில் உள்ளது. அத்தை இந்த வருஷம் பென்சிலில் எழுதி வச்சிருந்தாங்க: "ஒன்று 90 பாகை இல்லை."

"இது என்னம்மா?"

"கோணலா இருக்கு சார்."

"இருக்கா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க."

"இருக்கு. ஆனா கோணல்."

"சேதம்னு எழுதினா யார் சேதப்படுத்துனாங்கன்னும் எழுதணும். வெளிய கொடுத்தது நீங்கதானே?"

அத்தையோட நாலு நாள் சம்பளம் போகும். பென்சில் எழுத்தை அழிச்சுட்டா ஒண்ணும் போகாது. யாருக்கும் தெரியப்போறதும் இல்லை. அவரும் கெட்டவர் இல்லை, ரப்பரை எடுத்து மேஜையில் வச்சுட்டு, "நாளைக்கு வாரேன்"னு போயிட்டார்.

அன்னைக்கு ராத்திரி அத்தை எனக்குப் போன் பண்ணினாங்க. வழக்கமான சிரிப்பு இல்லை. "ஏல, அழிச்சுட்டா அந்தப் பய பொய் சொன்னான்னு ஆயிரும்லா? முத தடவையா கணக்குல ஒண்ணு சரியாச் சொல்லியிருக்கான்." எனக்குப் பதில் தெரியலை. அவங்களும் என்கிட்ட பதில் கேக்கலை, சொல்லிட்டு வச்சுட்டாங்க.

மறுநாள் காலையில் ரெண்டு மூலைமட்டத்தையும் ஒரு சாக்பீஸையும் எடுத்துக்கிட்டு ஹெச்.எம். ரூமுக்குப் போனாங்க. அந்தப் பையனையும் கூட்டிட்டு. அவர் வரலாறு வாத்தியார். சிவப்புத் தரையில் பையன் கோடு போட்டான். முதலில் 30, 60 மட்டம். புரட்டினா கோடு மேல கோடு. அப்புறம் 45. புரட்டினா கத்தரிக்கோல். ஹெச்.எம். நாற்காலியை விட்டு எழுந்து குனிஞ்சு பாத்தார். மட்டத்தைத் திருப்பிப் பாத்தா, ஒரு ஓரத்தில் தண்ணீர்க் கறை, மரம் லேசா முறுக்கியிருக்கு. ஒழுகின ரூமில் அடியில் கிடந்தது அது. பிள்ளைங்க கை பட்டுக் கெட்டது இல்லை.

"நானும் வருஷா வருஷம் நல்ல நிலைன்னு கையெழுத்துப் போட்டிருக்கேனே"ன்னு சிரிச்சார். பணம் பிடிக்கிற பேச்சு அத்தோட முடிஞ்சது. அத்தை பென்சில் எழுத்து மேல பேனாவில் எழுதினாங்க.

எங்க வேலையில் இதே கதை பேக்கப்புக்கு உண்டு. தினமும் ராத்திரி சர்வர் பேக்கப் எடுக்கும். பச்சை டிக் வரும். ஃபைல் இருக்கு, அளவு சரி. ஆனா அதிலிருந்து ஒரு தடவையாவது ரீஸ்டோர் பண்ணிப் பாத்தாங்களான்னு கேட்டா பல இடத்தில் பதில் வராது. தேவைப்படுற அன்னைக்குத்தான் அது கோணல்னு தெரியும். எண்ணிப் பாக்கிறது வேற, எடுத்துப் பயன்படுத்திப் பாக்கிறது வேற. பூட்டி வச்சதால அந்த மட்டம் தொலையலை, உண்மைதான். ஆனா அது கெட்டுப்போனதும் பூட்டுக்குள்ளேயே யாருக்கும் தெரியாம இருந்தது. வெளியே போன ஒரே வார இறுதியில் தெரிஞ்சுடுச்சு.

இப்போ நிலவரம். கெட்ட சாமானைக் கண்டம் பண்ணணும்னா கமிட்டித் தீர்மானம் வேணும். அது இன்னும் நடக்கலை. அதனால கோணல் மூலைமட்டம் இன்னும் பீரோவில்தான் இருக்கு, "கோணல்"ங்கிற லேபிளோட. லைப்ரரியில் அதிகமா வெளியே போற சாமான் அதுதான். பிள்ளைகள் வாங்கிட்டுப் போய்ப் புரட்டிப் பாக்கிறாங்க. அப்புறம் சரியான மட்டத்தை எடுத்துக்கிட்டு ஸ்கூல் முழுக்கச் சுத்தறாங்க. ஒன்பதாம் வகுப்பு ஜன்னல் சரியில்லை, ஹெச்.எம். மேஜை சரின்னு ஒரு பட்டியலே ஓடுது. ஆறாம் வகுப்புக்குப் புரட்டிக் காட்டறது அந்தக் கொத்தனார் மகன்தான். கணக்கில் இப்போ 50-க்கு 19. பெரிய மார்க் இல்லை, ஆனா பாஸ்.

கேட்டுக்கிட்டு இருக்கிறவங்களில் ஸ்கூலில் வேலை பாக்கிறவங்க இருந்தா, அத்தை சொல்லச் சொன்ன மூணு விஷயம். ஒண்ணு, டப்பாவுக்கு ஒரு எண் போதும், மூடிக்குப் பின்னாடி எண்ணிக்கையும் போட்டோவும் ஒட்டுங்க. ரெண்டு, திருப்பித் தரும்போது பிள்ளையே எண்ணிச் சொல்லட்டும், நீங்க எழுதுங்க. மூணு, ரப்பர் பேண்டைக் கணக்கில் சேக்காதீங்க, அது திரும்பி வராது.

மத்தவங்க, வீட்டில் பசங்களோட ஜியாமெட்ரி பாக்ஸ் இருந்தா இன்னைக்கு ராத்திரி திறங்க. அந்தப் பிளாஸ்டிக் முக்கோணத்தை எடுத்து ஒரு கோடு போடுங்க, புரட்டிப் போட்டு இன்னொரு கோடு போடுங்க. ஒண்ணு மேல ஒண்ணு விழுதான்னு பாருங்க.